நீருக்கு இடம் கொடுத்த ஊர்

மட்டக்களப்பின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டையிலிருந்தே தொடங்குவர். 1628ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை அமைத்ததும், 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதும், 1795இல் அது ஆங்கிலேயர் வசமானதும், 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் நாம் பள்ளியிற் கற்ற பாடங்கள். அந்தப் பாதிரிமார் வகுத்த கல்வி மரபிற் பயின்றவன் அடியேன். அவற்றைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும் கோட்டைக்கு முன்னரே இங்கு ஊர் இருந்தது. ஊருக்கு முன்னரே வாவி இருந்தது. அந்த வாவியோடும் ஆண்டுதோறும் வரும் மாரி வெள்ளத்தோடும் நம் முன்னோர் எவ்வாறு ஒத்து வாழ்ந்தனர் என்பதும் சரித்திரமேயாகும். அதனை அறிவதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நம் ஊர்ப்பெயர்களே போதும்.

ஊறணி, தாமரைக்கேணி, கருவேப்பங்கேணி, நாவற்கேணி, பாலமீன்மடு, திராய்மடு, சேத்துக்குடா, அமிர்தகழி, மஞ்சந்தொடுவாய், உப்போடை, தாண்டவன்வெளி என்னும் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஊறணி என்பது நீர் ஊறி நிற்கும் இடம். கேணி என்பது வெட்டிய சிறுகுளம். மடு என்பது ஆழமான நீர்நிலை. குடா என்பது வாவி உள்வாங்கிய இடம். கழி என்பது உவர்நீர் தங்கும் பள்ளம். தொடுவாய் என்பது நீரோடு நீர் கலக்கும் வாய். ஓடை என்பது நீர் செல்லும் வழி. வெளி என்பது மாரியில் நீர் பரந்து நிற்கும் திறந்த நிலம். தெற்கே கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்தில் மேட்டுநிலத்தின் நீரைச் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுசெல்லும் ஓடையைத் தோணா என்பர். இத்தனை சொற்கள் ஒரு சமுதாயத்துக்கு ஏன் வேண்டியிருந்தன? எந்த நீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும், எங்கே கலக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள், அறிந்ததனாற் பெயரிட்டார்கள், பெயரிட்டதனாற் பேணினார்கள்.

பூமிசாஸ்திர முறைப்படி நம் நாட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நாடு படுவான்கரை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1700 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையான மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கோடையிலோ கடலலை மணலைத் திரட்டி முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. மாரி வெள்ளம் வந்து வாவி நிறையும்போது அந்த மணற்றிட்டை வெட்டிவிட வேண்டும். காலம் தாழ்த்தினால் வயலும் வீடும் மூழ்கும். முந்திவிட்டால் மீனும் இறாலும் வளரும் நீர் வீணே கடலுக்குப் போகும். ஆதலால் இது விவசாயியும் மீனவரும் சேர்ந்து ஆலோசிக்கவேண்டிய காரியம்.

வீதியோரம் கொங்கிறீற் வாய்க்கால் கட்டினால் வெள்ளம் ஓடிவிடும் என்று இக்காலத்தில் நாம் எண்ணுகின்றோம். வாய்க்கால் ஓடுவதற்குத் தாழ்ந்த இடம் ஒன்று வேண்டுமன்றோ? நமது பட்டினத்துக்கு அத்தகைய இடம் பெரும்பாலும் வாவியே. படுவான்கரை ஆறுகள் வாவியை நிரப்பி, முகத்துவாரமும் அடைபட்டிருக்கும் வேளையில், வாவியின் மட்டம் உயர்ந்து வாய்க்காலின் வாயை மூடிவிடுகிறது. அப்பொழுது எத்தனை வாய்க்கால் இருந்தும் பயனில்லை. வாவி வடியும்வரை மழைநீர் எங்கேனும் காத்திருக்கவேண்டும். அது காத்திருக்கும் இடமே கேணியும் மடுவும் வெளியும். அங்கே தங்கிய நீரில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கி, கோடையில் நம் கிணறுகளுக்கு நன்னீராகிறது. எஞ்சியது மெல்ல வாவியைச் சேர்கிறது.

வாவிக்கரையில் நிற்கும் கண்ணாக்காடும் இவ்வேலையிற் பங்குகொள்கிறது. அதன் வேர்கள் வெள்ளம் கொண்டுவரும் மண்ணைப் பிடித்துக் கரையை அரிப்பினின்று காக்கின்றன. மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமும் ஆகின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் திருநாமத்தைத் தந்த தில்லைமரம் நம் வாவிக்கரையிலும் வளர்வதை வாலிபர்களிற் பலர் அறியார். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் தீர்த்தக்குளத்தில் ஆடி அமாவாசையன்று ஆயிரமாயிரம் பேர் நீராடுகின்றனர். தெய்வத்துக்குரியது என்ற எண்ணம் இருந்ததனால் அக்குளத்தை எவரும் நிரப்பத் துணியவில்லை. மற்றைக் கேணிகளுக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை.

காவல் என்றதும் இன்னொன்றைக் குறிப்பிடவேண்டும். நம் வயல்களில் வட்டை விதானை என்றொருவர் உண்டு. நீர் பங்கிடுவதும், வாய்க்கால் துப்புரவாக்க எல்லாரையும் அழைப்பதும் அவர் கடமை. ஆங்கில அரசாங்கம் இந்தப் பழைய வழமைகளை முதலிற் புறக்கணித்தது. பின்னர் அதனால் விளைந்த கேட்டைக் கண்டு, 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் அவற்றுக்குப் புத்துயிர் கொடுத்தது. வயலின் வாய்க்காலுக்கு விதானை இருந்தார். பட்டினத்தின் பள்ளத்துக்கு யார் இருந்தார்? ஒருவரும் இல்லை. அதனாற்றான் அது காணியாயிற்று.

இதனை நான் என் வீட்டிலேயே கண்டேன். எங்கள் வளவுக்குப் பின்புறம் ஒரு பள்ளம் இருந்தது. மாரியில் அல்லி பூக்கும். கோடையில் மாடு மேயும். நான் ஐந்தாம் வகுப்பிற் படிக்கும்பொழுது கிரவல் கொட்டி அதனை நிரப்பினார்கள். அடுத்த மாரியில் எங்கள் அடுப்படிக்குள் தண்ணீர் வந்தது. அம்மம்மா அரிசிப் பானையைத் தூக்கி வாங்கின்மேல் வைத்துவிட்டு, “தண்ணி நம்மட வீட்டுக்கு வரல்ல மகன், அதுட இடத்தத் தேடித்தான் வந்திருக்கு” என்றார். அங்கே வீடு கட்டியவர்களை நான் நோகேன். அவர்களுக்கு வேறு நிலம் இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளில் வீடிழந்தோர் பலர் திராய்மடுவிற் குடியேற்றப்பட்டனர். பெயரிலேயே மடு இருக்கிறது. ஆயினும் அந்நேரத்தில் அவர்களுக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது. மக்களுக்கும் இடம் வேண்டும், நீருக்கும் இடம் வேண்டும் என்பதே நம் முன்னுள்ள கடினமான கணக்கு.

1957 டிசம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்றும் கதையாகச் சொல்வர். 2011 ஜனவரி வெள்ளத்தை நம்மிற் பலர் சிறுவர்களாய்க் கண்ணாற் கண்டோம். அவ்வாண்டு நாடு முழுவதிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்; மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் நம் மாவட்டமும் ஒன்று. அத்தகைய பெருவெள்ளத்தைக் கேணிகள் தனியே தடுத்துவிடும் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண மாரியைத் துன்பமாக்காமல் வைத்திருக்க அவற்றால் இயலும்.

கொழும்பும் இப்பாடத்தைக் கஷ்டப்பட்டே கற்றது. 2010 நவம்பரில் பெய்த மழையிற் பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. அதன்பின் நகரைச் சுற்றி எஞ்சியிருந்த சதுப்பு நிலங்கள் வெள்ளத்தைத் தாங்கும் இடங்கள் என்று மதிக்கப்படலாயின. 1971இல் ஈரான் தேசத்து ராம்சார் நகரிற் பிறந்த சர்வதேச உடன்படிக்கையின் கீழ், 2018ஆம் ஆண்டு முதன்முதலாக ஈரநில நகரங்கள் என அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. அவர்கள் புதிதாகக் கற்றதை நம் முன்னோர் பெயர்களாகவே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கின்றனர்.

ஆகவே வாலிப அன்பர்களே, ஒரு சிறு பணியை நாம் மேற்கொள்வோம். அவரவர் கிராமத்தில் எஞ்சியிருக்கும் கேணி, மடு, ஓடை ஒவ்வொன்றையும் பெரியோரிடம் விசாரித்து ஒரு படத்திற் குறிப்போம். கார்த்திகை பிறக்குமுன் சிரமதானம் செய்து அவற்றைத் துப்புரவாக்குவோம். அந்தப் படத்தை மாநகரசபையிடமும் பிரதேச சபைகளிடமும் கொடுத்து, இனிமேல் இவற்றை நிரப்ப அனுமதிக்கவேண்டாம் என்று பணிவுடன் கேட்போம். பெரியோர்களே, எங்களுக்கு அந்த இடங்களைக் காட்டித் தாருங்கள். உங்கள் நினைவில் உள்ளவை உங்களோடு போய்விட்டால், கேணி இருந்த இடத்தைப் பெயர் மட்டுமே சொல்லும். அதன் பின்னர் வெள்ளம் வந்து சொல்லும்.