பரகத் என்னும் பெயரால்: எகிப்து தரும் பாடம்

உழைப்பின்றி விரைவில் செல்வந்தராகலாம் என்று ஆசை காட்டி மக்களின் சேமிப்பைக் கவரும் தந்திரம் கைப்பேசியோடு பிறந்ததன்று. 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர், 45 நாள்களில் 50 விழுக்காடு இலாபம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டினார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி மாற்றுவதே தம் தொழில் என்றார். அவர் திரட்டிய பணத்துக்கு ஈடான கூப்பன்கள் உலகிலேயே புழக்கத்தில் இல்லை என்பது பின்னர்த் தெரிந்தது. புதியவர் கொடுத்த பணத்தையே பழையவருக்கு இலாபம் என்று கொடுத்துவந்த அவர், அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கைதானார்.

ஆயினும், நம் சமுதாயம் ஊன்றிப் படிக்க வேண்டிய வரலாறு எகிப்தில் இருக்கிறது.

1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபின், எகிப்தியர் பெருந்திரளாக வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் ஊரில் சேர்ந்தது. வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடத் தயங்கியோர் பலர். இந்த இடைவெளியில் நுழைந்தவையே அல்-ரய்யான், அஸ்-ஸஅத், அஷ்-ஷரீஃப் போன்ற முதலீட்டு நிறுவனங்கள். அவற்றின் விளம்பரங்களில் மார்க்கச் சொற்கள் நிறைந்திருந்தன. 'இது வட்டியன்று, இலாபப் பங்கு' என்று சொல்லி, ஆண்டுக்கு ஏறத்தாழ 24 விழுக்காடு வழங்கினர். வங்கி தந்ததைவிட அது மிக அதிகம். பாலைவெயிலில் ஈட்டிய பணம் அங்கே குவிந்தது. அப்பணம் எங்கே போகிறது என்பதைக் காட்டும் ஒழுங்கான கணக்கு மக்கள் முன் வைக்கப்படவில்லை. செல்வாக்குடையோருக்குத் தனிச்சலுகை வழங்கும் 'பரகத் பட்டியல்' ஒன்று இருந்ததாகவும் பெரிதும் பேசப்பட்டது.

1988இல் எகிப்து அரசு 146ஆம் எண் சட்டத்தை இயற்றிக் கணக்குக் கேட்டது. அல்-ரய்யான் சரிந்தது. உரிமையாளர் சிறை சென்றார். பணம் போட்ட எளியவர்களோ, அதில் ஒரு பகுதியையேனும் திரும்பப் பெற ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

அம்மக்கள் மார்க்கப் பற்றில் குறைந்தவர்கள் அல்லர். ஹலாலைத் தேடியதாலேயே அங்குச் சென்றனர். ஆனால், ஹலால் என்னும் பெயரைக் கண்டவர்கள் ஹலாலின் இலக்கணத்தைக் கேட்கவில்லை. முளாரபா முறையில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபம் வந்தால் பேசிய விகிதப்படி பகிர்வர். நட்டம் வந்தால் முதல் குறையும். 'முதலுக்கு ஆபத்தே இல்லை, மாதந்தோறும் இவ்வளவு உறுதி' என்று ஒருவர் சொன்ன கணமே அது முளாரபா அன்று. இதைக் கேட்க ஃபிக்ஹ் நூல்கள் எல்லாம் கற்றிருக்க வேண்டியதில்லை.

ஒருவருக்குச் சான்று கூற வந்த மனிதரிடம் உமர் (ரலி) அவர்கள், 'அவருடைய அண்டை வீட்டில் வாழ்ந்தீரா? அவருடன் பயணம் செய்தீரா? கொடுக்கல் வாங்கல் செய்தீரா?' என்னும் கருத்தில் வினவியதாகச் செய்தி உண்டு. எதுவும் இல்லை என்றபோது, அவரைப் பள்ளிவாசலில் தொழக் கண்டதை வைத்தே சான்று கூறுகிறீர் போலும் என்று கூறி, அச்சான்றை ஏற்க மறுத்தார்கள்.

இதைப் பலமுறை பாடத்தில் நடத்திய நாமே தவறினோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலீட்டு அலுவலகத் திறப்புக்கு அழைத்தார்கள். என்ன தொழில் என்று கேளாமலே துஆ ஓதித் திரும்பினோம். ஓராண்டுக்குள் அங்கே பூட்டுத் தொங்கியது. நகையை விற்றுப் பணம் கொடுத்திருந்த ஒரு மாணவரின் தாயார் வந்து, "நீங்கள் துஆ ஓதினீர்களே, ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அன்று முதல், கணக்கைக் காட்டாத எந்த நிறுவனத்தின் வாசலிலும் நாம் கை ஏந்துவதில்லை.

இன்று அலுவலகம்கூடத் தேவைப்படுவதில்லை. 'வீட்டிலிருந்தே வேலை, காணொளிக்கு விருப்பக் குறியிட்டால் பணம்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. முதலில் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே வருகிறது. பிறகு 'பெரிய வேலைக்கு முன்பணம் கட்டுக' என்கிறார்கள். கட்டியதை எடுக்க முயன்றால் 'வரி கட்டுக' என்கிறார்கள். பொன்சியின் முதல் இலாபமும் இந்த முதல் நூறு ரூபாயும் ஒரே தூண்டிலின் புழுக்களே. வேலை கொடுப்பவர் கூலி தருவார். தொழிலாளியிடம் பணம் கேட்கமாட்டார். 'வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடு' என்று கேட்போரிடமும் நம் பிள்ளைகள் விலகியிருக்கட்டும். பிறர் களவாடிய பணம் அதன்வழி சென்றால் விசாரணை கணக்குக்கு உரியவரிடமே முதலில் வரும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டா. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடுக. வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறிப் போகுமுன் சொன்னால் அதை முடக்கிவைக்க வாய்ப்புண்டு. வீட்டிலுள்ளோரும் ஏமாந்தவரை ஏசாதிருத்தல் வேண்டும். ஏச்சுக்கு அஞ்சியே பலர் சொல்லாமல் இருந்து, போனதை மீட்க மேலும் கட்டி இழக்கின்றனர்.

குறைவாயினும் தூய்மையான வருவாயில் அல்லாஹ் நம் அனைவருக்கும் பரகத் செய்வானாக. ஆமீன்.