அலையின் உரைகல்

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். வானில் ஏறிய ஒலியின் மாற்றையோ, அதனை அனுப்பியவர் தாமே முற்றும் அறிதல் அரிது. தொலைவிலிருந்து கேட்பவரின் செவியே அதற்கு உரைகல்.

இலங்கை வானொலியின் வரலாறும் அவ்வாறே தொடங்கிற்று. 1921ஆம் ஆண்டில் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், உள்ளூர் ஆர்வலரை ஒன்றுகூட்டி வானொலிக் கழகம் அமைத்தார். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு, 1923இல் கொழும்புத் தந்தி அலுவலகச் சிற்றறையொன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரிசோதனையாக அனுப்பினார். 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று.

ஆர்வலர் நிலையங்களுக்குப் பொதுவான அளவுகோல் 1934இல் கிடைத்தது. அமெரிக்கரான ஆர்தர் பிராட்டன் வகுத்த அம்முறையில், தெளிவுக்கு 5 வரையும், வலிமைக்கு 9 வரையும், மோர்ஸ் ஒலியின் தூய்மைக்கு 9 வரையும் எண்கள் தரப்படும். 599 என்பது குறையற்ற அலை. வலிமை வேறு, தூய்மை வேறு என்பதே இம்முறையின் நுட்பம். மின்கலம் தளர்ந்தால் மோர்ஸ் ஒலி குருவிபோற் கீச்சிடும். குரலை அளவு மீறி ஏற்றினால் அது அயல் அலைவரிசைகளிலும் சிதறும். வலிமை மிகுந்திருந்தும் இவை குறைகளே. ஆயினும் முகமனுக்காக எல்லோர்க்கும் 599 வழங்கும் வழக்கமும் வேரூன்றிவிட்டது. அத்தகைய புகழுரையால் அனுப்புபவருக்குக் கேடே விளையும்.

ஊவா மலைநாட்டில் இச்சோதனை இன்னும் கடினம். பதுளை நகரம் மலைகள் சூழ்ந்த தாழ்வில் அமைந்துள்ளது. அருகே நமுனுகுல மலை உயர்ந்து நிற்கின்றது. மிக உயர் அதிர்வெண் அலைகளை மலைமுகடு மறைத்துவிடும். சிற்றலையோ ஏரியலைத் தாழக் கட்டினால் செங்குத்தாக மேலேறி, அயனமண்டலத்தில் திரும்பி, மறுபுறப் பள்ளத்தாக்கிலும் இறங்கும். ஆகவே அண்டைத் தோட்டத்தார்க்குக் கேளாமை ஒன்றையே கொண்டு கருவி பழுது என்று முடிவு செய்தல் தவறு. ஏரியலுக்குப் பதிலாகப் போலிச் சுமையை இணைத்து அலைகாட்டியிற் பார்த்தல் வேண்டும். பின்னர், அண்மையிலும் சேய்மையிலும் உள்ளோரின் நேர்மையான அறிக்கைகளை ஒப்புநோக்குதல் வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையால் தொலைபேசி அறுந்தபோது, அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தது ஆர்வலரின் சிற்றலையே. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்சரிவிற் புதையுண்டன. அத்தகைய இடர்கள் நேரும் மலைகளில், ஊரின் பெயரோ மக்களின் தொகையோ ஒலிச்சிதறலில் மயங்கினால் உதவி வழிதவறும்; திரும்பக் கேட்கவும் நேரமிராது.

அமைதியான நாளில் நண்பரின் குறையை மறையாது கூறுபவரே, இடர் நாளில் அவர் குரல் ஊரைக் காக்க வழிசெய்தவராவார்.