தீவிரச் சிறுநீரகப் புற்றுநோயின் மரபணுப் பிறழ்வுகள்

சிறுநீரகத்தில் தோன்றி நுரையீரல், எலும்பு, கல்லீரல் ஆகியவற்றுக்கு விரைந்து பரவும் புற்றுநோய்களில் காணப்படும் மரபணு மாற்றங்கள். பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தெளிசெல் வகையாகும்.

தொடக்கம்: தெளிசெல் வகையில் பெரும்பாலும் 3ஆம் குரோமோசோமின் குறுங்கை முதலில் இழக்கப்படுகிறது. அதிலுள்ள விஎச்எல் மரபணு 1993இல் அடையாளம் காணப்பட்டது. அது செயலிழந்தால் ஹிஃப் என்னும் புரதம் சிதையாமல் செல்லுக்குள் தேங்கும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும், பற்றாக்குறை நேர்ந்ததுபோலச் செல் புதிய ரத்தக் குழாய்கள் உருவாவதைத் தூண்டும்; கட்டி வளரும். செல்கள் ஆக்சிஜனை உணரும் முறையை விளக்கிய கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவரும் 2019இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

தீவிரம்: பிஏபி1 மரபணுப் பழுதும் 9ஆம் குரோமோசோமின் குறுங்கை இழப்பும் நோய் முற்றுவதோடு தொடர்புடையவை. ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் நொதிக் குறைபாட்டால் வரும் வகை பரம்பரையாகத் தொடரக்கூடியது. அரிதான மெடுல்லரி வகையில் ஸ்மார்க்பி1 மரபணு செயலிழக்கிறது; இது பெரும்பாலும் அரிவாள் செல் மரபுக்கூறு உள்ளவர்களுக்கே வருகிறது. வயநாடு, நீலகிரிப் பழங்குடிகள் சிலரிடம் அக்கூறு உண்டு.

சிகிச்சையும் ஆய்வும்: திருவனந்தபுரத்தில் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதி நோயாளிகளும் சிகிச்சைக்காகச் செல்கின்றனர். அந்நகரிலுள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் புற்றுநோயின் மூலக்கூறு ஆய்வுகளை மேற்கொள்கிறது.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இந்நோய் இருந்திருந்தால் அதையும் அவரிடம் தெரிவிக்க வேண்டும்.