போறணையும் ரொட்டிக்கல்லும்

மன்னர்களின் போர்களையும் மணிமுடிகளையும் வரிசைப்படுத்துவதே வரலாறு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டது. அம்மன்னர்களின் கோட்டைக்குக் கல் சுமந்தவன் மாலையில் எதைத் தின்று பசியாறினான் என்ற கேள்விக்கு நம் பாடநூல்களில் இடமில்லை. ஆயினும் ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வையும் தாழ்வையும் அறிந்துகொள்ள அவர்களுடைய அடுப்பைப் போன்ற சான்று வேறில்லை.

பீட்சா என்னும் இத்தாலிய உணவு இன்று உலகெங்கும் பரவி, இலங்கையின் நகரங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இளைஞர் அதனை விரும்பியுண்பதைக் கண்டு மேனாட்டு மோகமென முகம் சுளிப்போர் உண்டு. நாகரிகத்தின் சின்னமென மெச்சுவோரும் உண்டு. இரு சாராரும் அதன் பிறப்பை அறியாதவர்களே.

பீட்சா அரண்மனையிற் பிறந்த பண்டமன்று. இத்தாலியின் தென்பகுதியிலுள்ள நேப்பிள்ஸ் துறைமுக நகரின் நெரிசலான சந்துகளிலே, சமைப்பதற்கு அடுப்பும் இடமும் இல்லாத ஏழைத் தொழிலாளருக்காகத் தெருவில் விற்கப்பட்ட உணவு அது. பன்றிக் கொழுப்பு, உள்ளி, உப்பு ஆகியவையே தொடக்கத்தில் அதன் மேற்பூச்சு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தக்காளியைச் செல்வர் ஐயத்துடன் நோக்கிய காலத்தில், ஏழைகள் அதைத் தம் ரொட்டியின் மேல் ஏற்றுக்கொண்டனர். இன்று தின்று எட்டாம் நாள் காசு கொடுக்கும் கடன் முறையும் அங்கே வழங்கியது. நம் ஊர்ச் சில்லறைக் கடைகளின் கடன் கொப்பியை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. 1884ஆம் ஆண்டு கொள்ளைநோய் நேப்பிள்ஸை வாட்டியபோது, அந்நகரின் வறுமையை எழுதிய மத்தில்டே செராவோ என்னும் பெண் எழுத்தாளர் இவ்வுணவையும் ஏழைகளின் அன்றாட ஆகாரமாகவே பதிவு செய்தார்.

ஆனால் பொதுமக்கள் அறிந்த கதை எது? 1889இல் இராணி மார்கரீட்டாவுக்காக ஒரு பீட்சா சுடப்பட்டு, அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது என்பதுதான். இக்கதையின் உண்மையை ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். உண்மையாகவே இருந்தாலும் என்ன? தலைமுறை தலைமுறையாக மாப் பிசைந்த ஆயிரம் கைகள் மறக்கப்பட்டு, ஒருமுறை சுவைத்த இராணியின் பெயர் நிலைத்துவிட்டது. வரலாறு எழுதப்படும் முறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

நல்ல பீட்சா எது என்பதற்கும் அவ்வேழைகளின் அனுபவமே விடை தருகிறது. கோதுமை மாவிலே நீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் பிணைந்து, இழுபடும் தன்மையுள்ள பசையாகின்றன. நொதியம் சேர்த்துப் பல மணிநேரம் பொறுமையாக வைத்திருந்தால், உள்ளே எழும் வாயுவை அந்தப் பசை தேக்கிக்கொள்ள, மா உப்பிப் பக்குவமடைகிறது. பின்னர், ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ் வெப்பமேறிய விறகடுப்பிலே ஒன்றரை நிமிடத்திற்குள் அது வெந்துவிட வேண்டும். வெளியே முறுகலும் உள்ளே மென்மையும் அவ்வாறே வாய்க்கின்றன. மேலே குவிக்கப்படும் பண்டங்களின் தொகையால் பீட்சா சிறப்பதில்லை. மாவின் பக்குவம், நெருப்பின் வேகம், கையின் பழக்கம் ஆகிய மூன்றுமே அதன் உயிர். 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்ததும் பீட்சாவை அன்று. நேப்பிள்ஸில் அதனைச் சுடும் தொழிலாளியின் கைத்திறனையே சேர்த்தது.

அந்த விறகடுப்பை இத்தாலியர் 'போர்னோ' என்பர். நம் நாட்டில் பாண் சுடும் அடுப்புக்குப் பெயர் 'போறணை'. இவ்விரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்த சொற்கள். போறணையும் பாணும் போர்த்துக்கேயர் மொழி வழியே நமக்கு வந்தன. அந்தப் போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறிற்று, ஆதிக்கமும் கைமாறிற்று. சொற்களோ மக்களிடம் தங்கிவிட்டன.

எனினும் மட்டக்களப்பு நெல்லின் நாடு. வாவிக்கு மேற்கே படுவான்கரையின் வயல்களும், கிழக்கே எழுவான்கரையின் தென்னஞ்சோலைகளும் மீன்பிடி ஊர்களும் இம்மண்ணின் செல்வம். அரிசி மாவுக்குக் கோதுமையின் இழுபடும் பசை இல்லை. ஆதலால் நம் பெண்கள் அதனைத் தேங்காய்ப்பூவுடன் சேர்த்துப் பிட்டாகவும், உரலிற் பிழிந்து இடியப்பமாகவும் ஆவியில் அவித்தனர். இத்தகைய நாட்டிலே, வணிகப் பயிராகக் கோதுமை விளையாத தீவிலே, கோதுமை மா எவ்வாறு ஏழையின் அன்றாட உணவாயிற்று?

இதற்கு விடை சுவையில் இல்லை, அரசியலில் இருக்கிறது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்தொன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் உழைக்கும் மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1970களின் நடுப்பகுதியில் பாணுக்காக விடியுமுன்பே வரிசையில் நின்ற காலத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1980இல் திருகோணமலையின் சீனக்குடாவில் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் மா ஆலை இயங்கத் தொடங்கியது. நெல் விளைக்கும் கிழக்கின் கரையிலேயே, கப்பலில் வந்த கோதுமை மாவாயிற்று. போடியாரின் வயலிற் கூலிக்கு அறுவடை செய்தவன் மாலையில் பாணை வாங்கிச் சென்றான்.

வறுமை இவ்வாறு திணித்த மாவையும் மக்கள் தம் கைத்திறத்தால் தமதாக்கிக்கொண்டனர் என்பதற்குக் கொத்து ரொட்டியே சாட்சி. இது நம் கிழக்கு மாகாணத்திலேயே பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதனை வளர்த்ததில் முஸ்லிம் உணவுக்கடைத் தொழிலாளருக்குப் பெரும் பங்குண்டு. எண்ணெய் பூசி ஊறவைத்த மாவைக் காகிதம் போல் வீசி விரித்து, மடித்து, சூடேறிய கல்லிலே சுட்டெடுக்கின்றனர். பின்னர் வெங்காயம், மிளகாய், முட்டை, இறைச்சிக் கறி ஆகியவற்றோடு இரண்டு இரும்புத் தகடுகளாற் கொத்துகின்றனர். இராப்பொழுதில் அந்தத் தாளவொலி கேட்டே பசித்தவன் கடையை அடைகிறான். சிறிதளவு இறைச்சி பலருக்குப் பரவுகிறது. ஒரு தட்டு இருவருக்குப் போதுமாகிறது. இங்கும் நன்மையின் இலக்கணம் நேப்பிள்ஸில் கண்டதேதான். அன்று பிசைந்த மா ஊறியிருக்க வேண்டும். கல் நன்கு காய்ந்திருக்க வேண்டும். ரொட்டி குழைந்துவிடாதபடி குழம்பு அளவோடு சேர வேண்டும்.

இவற்றோடு இன்னுமொன்று உண்டு. பீட்சாவும் கொத்து ரொட்டியும் உண்பவரின் கண்முன்னே ஆக்கப்படுபவை. இன்னார் கையால் ஆயிற்று, இன்னது சேர்ந்தது என்பதில் ஒளிவு மறைவு இல்லை. மக்கள் இவற்றை விரும்புவதற்கு மலிவும் சுவையும் மட்டுமன்றி, இந்த நம்பிக்கையும் காரணமாகும்.

அந்த நம்பிக்கையைச் சிதைப்பது எத்துணை எளிது என்பதையும் கிழக்கு மண் கண்டிருக்கிறது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டம் அம்பாறை. அந்நகரின் முஸ்லிம் உணவுக்கடையொன்றில், 2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, உணவில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டனர். கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச பகுப்பாய்வுத் திணைக்களம் அதனைச் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டியென்று தெரியவந்தது. அத்தகைய மாத்திரை உலகில் இல்லையென்று மருத்துவரும் கூறினர். சரியாகக் கரையாத ஒரு பிடி மா, இனவெறியரின் கையிலே தீப்பந்தமாயிற்று!

இதனைப் பேரினவாதத்தின் குற்றமென்று மட்டும் கூறி நாம் ஒதுங்கிவிடலாகாது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர்; அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். பக்கத்து ஊர்க் கடையில் உண்பதற்கு அஞ்சிய காலங்களை இரு சமூகங்களும் அனுபவித்துள்ளன. அஞ்சி ஒதுங்கியதால் எந்த ஏழையின் வயிறும் நிறைந்ததில்லை. 2022இல் பொருளாதாரம் சரிந்து மாவின் விலை ஏறி, எரிவாயு கிடையாமல் வெதுப்பகங்கள் மூடப்பட்டபோது, பசி தமிழரென்றும் முஸ்லிமென்றும் சிங்களவரென்றும் பார்த்து வரவில்லை.

ஆகவே பீட்சாவை அந்நியமென்று வெறுக்கவும் வேண்டா. நாகரிகமென்று வணங்கவும் வேண்டா. நேப்பிள்ஸின் கூலியாளும் வாவிக்கரையின் கூலியாளும் ஒரே பசிக்கு ஒரே மாவால் விடை கண்டவர்கள் என்பதை நாம் உணர வேண்டும். நம் ஆசிரியர்கள் வகுப்பறையிலே ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றிக் கற்பிக்கும்போது, போறணை என்ற சொல்லின் வரலாற்றையும் கற்பிக்கட்டும். நம் மாணவர்கள் கொத்து ரொட்டித் தட்டின் முன் அமரும்போது, அந்த மா எங்கிருந்து வந்தது, அதன் விலையை யார் தீர்மானிக்கின்றனர், நெல் விளைத்தவன் ஏன் அதை வாங்க நேர்ந்தது என்று கேட்கட்டும். அடுத்த முறை ஒரு மாக்கட்டியைக் காட்டி எவரேனும் கூச்சலிடும்போது, உண்மையைச் சொல்லும் துணிவு இத்தகைய கேள்விகளிலிருந்தே பிறக்கும்.