சித்தியின் நோட்டும் மூன்று நாள் பயிற்சியும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தி வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். தடுப்பூசிப் பதிவேடு, கர்ப்பிணிகள் பட்டியல், பழைய காலண்டர் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் ‘மனநலப் பயிற்சி – 3 நாள்’ என்று சித்தியின் கையெழுத்து. அதற்குக் கீழே மாவட்டத்தின் பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார்கள்.

சித்தி செந்துறைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு நர்சம்மா. அந்த ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தபடியே அவர் நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறார். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002 மார்ச்சில் அது மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பரில் திரும்பவும் தனி. “போர்டுக்குப் பெயின்ட் அடிச்சே காசு போச்சுடா” என்று சிரிப்பார்.

நோட்டில் இருந்தது சுமார் பதினைந்து பக்கம். தூக்கம் கெட்டுப் போவது, தனியாகப் பேசுவது, காரணமில்லாத பயம், வலிப்பு, குடி என்று தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே ‘வீட்டில் என்ன கேட்க வேண்டும்’, ‘எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும்’. பாடம் நன்றாகவே இருந்தது. இது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்ததில்தான் இந்தக் கட்டுரை.

1970-களில் ஒரு விஷயம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மனநல மருத்துவர்களை மட்டும் நம்பினால் ஏழை நாடுகளில் கிராமங்களுக்கு வைத்தியம் போய்ச் சேராது. ஏற்கெனவே வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளருக்கே இதையும் சொல்லிக் கொடுத்தால் என்ன? பெங்களூர் நிம்ஹான்ஸ் 1975-ல் சகலவாராவில் இதைச் செய்து பார்க்கத் தொடங்கியது. சண்டிகர் மருத்துவர்கள் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியில் செய்தார்கள். 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. அப்போது நாடு முழுக்க மனநல மருத்துவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை.

திட்டம் ஒரு முழு மாவட்டத்தில் ஓடுமா என்று பார்த்த இடம் கர்நாடகத்தின் பெல்லாரி, 1985 முதல் 1990 வரை. அங்கே செய்தவை நான்கு. டாக்டர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி. அத்தியாவசியமான சில மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க ஏற்பாடு. எளிமையான நோயாளிப் பதிவேடு. நான்காவதாக, மாதாமாதம் அறிக்கை வாங்கி, மாவட்டக் குழு அதைப் பார்த்துப் பணியாளருக்குப் பதில் சொல்வது. இந்த நான்காவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்லாரியை மாதிரியாக வைத்து 1996-97-ல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது: ஆந்திராவின் மேதக், அசாமின் நகாவ்ன், ராஜஸ்தானின் சீகர், தமிழ்நாட்டின் திருச்சி. நாங்கள் திருச்சியை விட்டுப் பிரிந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது! 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகுதான் நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. திட்டம் மேலும் மாவட்டங்களுக்குப் பரவியது. சித்தி பயிற்சிக்குப் போனது 2000-களின் நடுவில்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வயதும் ஓர் ஊரும் மட்டும் எழுதியிருந்தது. யார் என்று கேட்டேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

முந்திரிக்காட்டில் வேலை பார்த்த பையன். காத்து கருப்பு என்று கோயில் கோயிலாகக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பயிற்சி முடிந்து வந்த மாதமே சித்திக்கு அது மனச்சிதைவாக இருக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. நாலைந்து நடை நடந்து அவன் அம்மாவைச் சம்மதிக்க வைத்தார். டாக்டரும் இதே பயிற்சிக்குப் போனவர் என்பதால் மருந்து ஆரம்பித்தார். அடுத்த சீசனுக்குப் பையன் முந்திரி பொறுக்கப் போனான்.

அப்புறம் டாக்டருக்கு மாறுதல். புதிதாக வந்தவருக்கு இந்தப் பயிற்சி கிடையாது. மாத்திரையும் வரவில்லை. ரெண்டு மாதத்தில் பையன் பழையபடி ஆகிவிட்டான். அவன் அம்மா ராத்திரி வந்து வாசலில் நின்று, “நீங்க சொன்னதாலதானே நர்சம்மா நம்புனோம்” என்றாளாம்.

“எனக்குப் போன் பண்ணிக் கேக்க ஒரு ஆள் இல்லடா. மூணு நாள் சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. அதுக்கப்புறம் அந்த மாதிரி கேசுன்னா நானே போய்ச் சொல்லப் பயந்தேன்.”

நான் சாஃப்ட்வேர்க்காரன். எங்கள் வேலையில் ஒரு சிஸ்டத்தை லைவ் ஆக்கிவிட்டு, பிரச்சனை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லாமல் போனால் அதை வேலை முடிந்ததாகவே ஒத்துக்கொள்ள மாட்டோம். பெல்லாரியின் நான்காவது ஏற்பாடு அதுதான். திட்டம் பரவப் பரவ, முதலாவதை எண்ணுவது சுலபமாக இருந்தது. எத்தனை பேருக்குப் பயிற்சி என்று அறிக்கையில் எண் போடலாம். நர்சம்மாவின் சந்தேகத்துக்கு யார் பதில் சொன்னார்கள் என்பதற்கு எந்தக் கட்டத்தில் எண் போடுவது?

இது முடியாத காரியம் இல்லை. சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, எங்களுக்குப் பக்கத்து வட்டாரமான புதுக்கோட்டையில் பேருந்துக்குள் வீடியோ வசதி வைத்து, டாக்டரைச் சென்னையில் இருந்தபடியே கிராமத்து நோயாளியிடம் பேச வைத்தது. உள்ளூர்ப் பணியாளர் பக்கத்திலேயே இருப்பார். இதே அமைப்பு பங்கேற்ற ஓர் ஆய்வு 2014-ல் லான்செட் இதழில் வந்தது. திருப்போரூர், கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சிதைவு உள்ளவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்குப் பலன் ஓரளவு கூடுதல். அங்கே பணியாளரை யாரும் தனியாக விடவில்லை. மேலே கேட்டுத் தெளிய ஆள் இருந்தார்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, அரசு மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை அரசின் கடமையாகவே ஆக்கிவிட்டது. நல்லது. இனி கேட்க வேண்டியது நாலாவது நாளைப் பற்றி.

பையன் என்ன ஆனான் என்று கேட்டேன். பிற்பாடு குடும்பமே திருப்பூர் போய்விட்டதாம். “நல்லாத்தான் இருப்பான்” என்றார் சித்தி. நோட்டை நான் எடுத்து வந்துவிட்டேன். உங்கள் அம்மாவோ அத்தையோ நர்சம்மாவாக இருந்திருந்தால், பரணில் ஒரு தரம் தேடிப் பாருங்கள். நோட்டு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கத்தில் யார் பேர் இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.