கூலி, உத்தியோகம், பணிவாழ்வு: பெங்களூருத் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளும் வேலை பற்றிய மனப்போக்கும்

முன்னுரை

பெற்றோர் ஒரே ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றனர். பிள்ளைகளோ இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுவனம் மாறுகின்றனர் என்பது பெங்களூருவில் பரவலாகக் கேட்கப்படும் கூற்றாகும். முன்னோரிடம் விசுவாசம் இருந்தது, இளையோரிடம் அது இல்லை என்னும் முடிவும் இக்கூற்றினுள் அடங்கியுள்ளது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான என்.ஆர். நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் கூறியதைத் தொடர்ந்து எழுந்த விவாதத்திலும் தலைமுறை வேறுபாடு பெரும்பாலும் குணவேறுபாடாகவே பேசப்பட்டது.

இம்முடிவு வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெங்களூருவிலும், அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் இதன் ஆய்வுக்களமாக அமைகின்றனர். இவ்விரு ஊர்களின் தொழில் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்தது. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1902இல் தங்கவயலுக்கும், 1905இல் பெங்களூருவுக்கும் வந்தது. சுரங்கம் மூடப்பட்ட பின்னர்த் தங்கவயலின் இளைய தலைமுறை பிழைப்புத் தேடி வந்ததும் பெங்களூருவுக்கே. உழைப்பைக் குறிக்க இம்மக்களிடையே வழங்கிய கூலி, உத்தியோகம் என்னும் சொற்களும், இன்று எழுத்துத் தமிழில் வழங்கும் பணிவாழ்வு என்னும் சொல்லும் மூன்று காலக்கட்டங்களைப் பிரித்தறிய உதவுகின்றன.

கூலி: சுரங்கமும் ஆலையும்

1809இல் பெங்களூருவில் ஆங்கிலேயரின் தண்டுப்பகுதி நிறுவப்பட்டது முதல் படைவீரர், ஒப்பந்ததாரர், வணிகர், ஏவலர் எனப் பலநிலைத் தமிழர் அங்குக் குடியேறினர். பின்னாளில் பின்னி ஆலை என்று அறியப்பட்ட துணியாலை 1884இல் தொடங்கப்பட்டது. தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் கால்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுரங்கங்களில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் உழைத்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் வடஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த, தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

இத்தலைமுறைக்குச் சுரங்கம் இருமுகம் கொண்டதாக இருந்தது. பாறைவெடிப்பு விபத்துகளும், கல்தூசியால் நுரையீரலைத் தாக்கும் சிலிக்கோசிஸ் நோயும் உயிரைப் பறித்தன. அதே வேளையில், பண்ணையாரின் ஆளாக இராமல் ரொக்கக் கூலி பெறும் வாய்ப்பையும் சுரங்கமே தந்தது. அக்கூலி தந்த தன்னுரிமையின் விளைவுகளை அறிவுத்துறையிலும் காணமுடிகிறது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் தங்கவயலில் வேரூன்றியது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் ஆகிய இடங்களில் அதன் கிளைகள் இயங்கின. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவரது மறைவுக்குப் பின் 1920களில் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தப்பட்டது. பகலில் சுரங்கத்திற்குள் இறங்கியவரின் குடியிருப்புகளே இதழுக்கும் சங்கத்துக்கும் வாசகரையும் உறுப்பினரையும் அளித்தன என்பது கருதத்தக்கது.

நிறுவனத்தின்பால் இத்தலைமுறைக்கு விசுவாசம் இருந்ததா? 1930இல் தங்கவயல் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் இதற்கு விடை தருகிறது. தொழிலாளரின் கைரேகையைப் பெற்றுப் பதிவுசெய்யும் முறையை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. தம்மை நிர்வாகத்தின் ஏட்டில் கட்டிவைக்கும் முயற்சியாகத் தொழிலாளர் அதனைக் கண்டனர் என்று கொள்ள இடமுண்டு. கூலி என்னும் சொல் செய்த வேலைக்குரிய ஊதியத்தை மட்டுமே குறிக்கும். நாளைய வேலையைப் பற்றிய உறுதி எதுவும் அதில் இல்லை. நிர்வாகம் அளிக்காத உறுதிக்குத் தொழிலாளரும் கட்டுப்பட விரும்பவில்லை எனலாம்.

உத்தியோகம்: நிலைத்த வேலையின் காலம்

இரண்டாம் காலக்கட்டம் பொதுத்துறைத் தொழிற்சாலைகளோடு தொடர்புடையது. 1940இல் வால்சந்த் ஹீராசந்த் முயற்சியால் விமானத் தொழிற்சாலை (எச்.ஏ.எல்.) தோன்றியது. விடுதலைக்குப் பின் 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும் (ஐ.டி.ஐ.), 1953இல் எச்.எம்.டி. நிறுவனமும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் நிறுவப்பட்டன. தூரவாணிநகர், விமானபுரா என்னும் பகுதிகள் இன்றும் தொலைபேசியின் பெயரையும் விமானத்தின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, உணவகம், பேருந்து ஆகிய அனைத்தையும் தொழிற்சாலையே வழங்கியது. தங்கவயலிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. சுரங்கங்கள் 1956இல் மைசூர் மாநில அரசின் கைக்கும், 1962இல் நடுவண் அரசின் கைக்கும் மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஒரு தலைமுறைக்கு முன் கூலியாக இருந்த அதே உழைப்பு இப்போது அரசு உத்தியோகமாயிற்று.

'கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்டு உத்தியோகம்' என்னும் பழமொழி இத்தலைமுறையின் மதிப்பீட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. பழமொழி ஊதியத்தின் அளவைப் பின்னுக்குத் தள்ளி, வேலையின் நிலைபேற்றை முன்னிறுத்துகிறது. பெங்களூருத் தொழிற்சாலைத் தொழிலாளரை ஆய்ந்த மானிடவியலாளர் மார்க் ஹோம்ஸ்ட்ரோம், 1976இல் வெளிவந்த தம் நூலில், நிலைத்த வேலை பெற்றோர் அதனை ஒரு கோட்டைக்குள் நுழைந்ததுபோல் கருதியதை விளக்குகிறார். கோட்டைக்கு வெளியே ஒப்பந்தத் தொழிலாளரும் சிறுபட்டறைத் தொழிலாளரும் நின்றனர். உள்ளே நுழைந்தவர், தம் மகனுக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கவேண்டும் என்று விரும்பியது இயல்பே. வாரிசுக்கு வேலை என்பது குடும்பங்களின் எதிர்பார்ப்பாகவும், பல இடங்களில் தொழிற்சங்கங்களின் கோரிக்கையாகவும் விளங்கியது.

விசுவாசமான தலைமுறை என்று இன்று நினைவுகூரப்படுவது இத்தலைமுறையே. ஆயின் பெங்களூருவின் மிகப்பெரிய வேலைநிறுத்தங்களுள் ஒன்றை நடத்தியதும் இத்தலைமுறைதான். 1980 டிசம்பர் இறுதியில் தொடங்கி 1981 மார்ச்சு வரை, 77 நாள்கள் பொதுத்துறைத் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். வேலையை விட்டு நீங்க விரும்பாதவர்கள் வேலையின் நிபந்தனைகளுக்காக இரண்டரை மாதம் ஊதியமின்றி நின்றனர் என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. அவர்களது பற்று நிர்வாகத்தின் மீதன்று. நிலைத்த வேலை என்னும் உடன்பாட்டின் மீதே எனலாம்.

இவ்வுடன்பாட்டிற்கு எல்லைகளும் இருந்தன. தொழிற்கூடங்களில் ஆண்களே மிகுதியாக இருந்தனர். மொழியும் ஓர் எல்லையாயிற்று. 1982இல் கோகாக் அறிக்கையை நடைமுறைப்படுத்தக் கோரிய கன்னடக் கிளர்ச்சியும், வேலைவாய்ப்பில் கன்னடர்க்கு முன்னுரிமை பற்றி ஆராய 1983இல் அமைக்கப்பட்ட சரோஜினி மகிஷி குழுவும் மண்ணின் மைந்தர்க்கே வேலை என்னும் கேள்வியை மையத்திற்குக் கொண்டுவந்தன. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டி வெடித்த வன்முறையின்போது தமிழ்க் கூலித்தொழிலாளர் பலர் நகரைவிட்டு வெளியேற நேர்ந்தது. தந்தையின் உத்தியோகம் மகனுக்கும் வரும் என்னும் நம்பிக்கை தளர்ந்ததற்கு இளையோரின் மனமாற்றம் மட்டும் காரணமன்று என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

பணிவாழ்வு: நிறுவனம் மாறும் தலைமுறை

1981இல் புனேயில் தொடங்கப்பட்ட இன்ஃபோசிஸ் 1983இல் பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985இல் இங்கு மையம் அமைத்தது. 1991க்குப் பின் மென்பொருள் துறை விரிவடைந்த அதே காலத்தில் பழைய கோட்டைகள் சரிந்தன. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்ற தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. எச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவை மூட நடுவண் அமைச்சரவை 2016 சனவரியில் ஒப்புதல் அளித்தது.

சுரங்கம் மூடப்பட்ட பின், மாரிக்குப்பத்திலிருந்தும் வழியிலுள்ள நிலையங்களிலிருந்தும் விடியற்காலைத் தொடர்வண்டிகளில் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவது தங்கவயலின் அன்றாடமாயிற்று. கட்டடத் தொழிலாளர், காவலர், கடைப் பணியாளர், மென்பொருள் பொறியாளர் ஆகியோர் ஒரே வண்டியில் பயணம் செய்கின்றனர். இவர்களை ஒரே மனப்போக்குடைய ஒரு தலைமுறையாகக் கொள்வது பொருந்தாது. ஆங்கிலம் வழிவந்த 'கெரியர்' என்னும் சொல்லுக்கு ஈடாகப் பணிவாழ்வு என்னும் சொல் வழங்குகிறது. ஒரு நிறுவனத்தைச் சாராமல், தனிமனிதர் தம் திறனைக் கொண்டு அமைத்துக்கொள்ளும் வேலைத் தொடரை அது குறிக்கும். பொறியாளருக்குப் பொருந்தும் அச்சொல் காவலருக்குப் பொருந்துவதில்லை; அவர் மீண்டும் கூலியின் நிலைக்கே திரும்பியுள்ளார்.

எனினும் இவ்விரு சாராரிடமும் பொதுவான ஒரு கூறு உண்டு. நெடுநாள் கழித்து நிறைவேறும் வாக்குறுதியை இருசாராரும் நம்புவதில்லை. இதற்கு 2016 ஏப்ரல் நிகழ்வு தக்க சான்றாகும். வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் பங்கினை 58 வயதுவரை எடுக்க இயலாது என்னும் நடுவண் அரசின் புதிய விதியை எதிர்த்து, பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இரண்டாம் நாளே விதி திரும்பப் பெறப்பட்டது. முந்தைய தலைமுறைக்கு 58 வயது என்பது உறுதியளிக்கப்பட்ட ஓய்வின் நாளாக இருந்தது. ஆடைத் தொழிலாளருக்கோ அத்தொகை பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் உடனே வேண்டியிருந்தது. 58 வயதுவரை ஆலையும் தம் வேலையும் நிலைக்கும் என்று நம்ப அவர்களுக்குக் காரணம் இல்லை.

மென்பொருள் துறையில் இதே அவநம்பிக்கை வேறு வடிவில் வெளிப்பட்டது. 2022இல் ஒரு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே பிறிதொரு நிறுவனத்துக்கும் பணிசெய்வது பற்றிய சர்ச்சை எழுந்தது. பெங்களூருவைச் சேர்ந்த விப்ரோ, இக்காரணத்தால் 300 பேரைப் பணிநீக்கம் செய்ததாக அவ்வாண்டு செப்டம்பரில் அறிவித்தது. அதே நகரத்தின் ஸ்விக்கி நிறுவனமோ, நிபந்தனைகளுடன் அதனை அனுமதிக்கும் கொள்கையை அதற்கு முந்தைய மாதம் வெளியிட்டிருந்தது. விசுவாசம் எது என்பதில் நிறுவனங்களுக்கிடையிலேயே உடன்பாடு இல்லை என்பது இதனால் புலனாகும். இத்துறை நிறுவனங்களுக்குத் தொழிலக நிலையாணைச் சட்டத்திலிருந்து கர்நாடக அரசு பலமுறை விலக்கு அளித்ததும், 2017இல் இத்துறை ஊழியர்க்கெனத் தொழிற்சங்கம் தோன்றியதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கவை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், வேலை பற்றிய மனப்போக்கு பிறந்த ஆண்டால் அமைவதன்று, வேலை தருவோர் அளிக்கும் உறுதிக்கு எதிர்வினையாக அமைவது என்பது தெரியவருகிறது. உறுதி அளிக்கப்படாத காலத்தில் தொழிலாளர் கட்டுப்பட மறுத்தனர். உறுதி அளிக்கப்பட்டபோது ஒட்டி நின்றனர். அது திரும்பப் பெறப்பட்டபோது மாறிச்சென்றனர். 1930இல் கைரேகை வைக்க மறுத்தவரும் இன்று நிறுவனம் மாறுபவரும் இவ்வகையில் ஒருவர்க்கொருவர் நெருங்கியவர்கள். இடையில் வந்த ஒரு தலைமுறையின் இயல்பை முன்னோர் அனைவரின் இயல்பாகக் கொண்டதே, தொடக்கத்தில் சுட்டிய பொதுக்கூற்றின் பிழை.

பொருள்வயிற் பிரிவை அகத்திணையின் ஒரு கூறாக வகுத்த இலக்கிய மரபு தமிழுடையது. அம்மரபைப் பயில்வோர்க்குத் தங்கவயலும் பெங்களூருவும் ஆய்வுக்களமாக வேண்டும். சங்கத் துண்டறிக்கைகள், சுரங்கக் குடியிருப்புகளில் வழங்கிய பாடல்கள், இறந்தோர் நினைவு மலர்கள், வேலையைக் குறித்து வழங்கிய பேச்சுச் சொற்கள் ஆகியவை தொகுக்கப்பட வேண்டும். 1972இல் இருபது வயதில் சுரங்கத்திற்குள் இறங்கியவருக்கு இன்று எழுபது வயது கடந்துவிட்டது. அவர்தம் சொற்களில் அவ்வரலாற்றைப் பதிவுசெய்ய எஞ்சியுள்ள காலம் குறைவு. தமிழ்த்துறைகள் கன்னட ஆய்வாளரோடு இணைந்து இப்பணியை விரைந்து மேற்கொள்வது தேவையாகும்.