கண்ணாடியைக் கழற்றிய முதியவர்



பெல்ஜியம் நாட்டின் புரூஜ் நகரிலுள்ள குரோனிங்கே அருங்காட்சியகத்தில், ஓக் மரப்பலகையின்மேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்று உண்டு. யான் வான் ஐக் என்னும் கலைஞர் அதை 1436ஆம் ஆண்டில் முடித்தார். நடுவே சிங்காசனத்தில் கன்னி மரியாள் அமர்ந்திருக்கிறாள். அவள் மடியில் பாலகனாகிய இயேசு. ஒருபுறம் ஆயருக்குரிய உடையில் பரிசுத்த தொனாசியன். மறுபுறம் போர்க்கவசம் தரித்த பரிசுத்த ஜார்ஜ். மரியாளின் உருவத்தின்முன் நெடுநேரம் நிற்பது நம்மில் பலருக்குப் பழக்கமானதன்று. ஆயினும், ஜார்ஜின் அருகே வெள்ளை அங்கியில் முழங்காற்படியிட்டிருக்கும் முதியவரை நீங்கள் சற்று உற்றுப்பார்க்க வேண்டுகிறேன்.

அவர் பெயர் யோரிஸ் வான் டெர் பாலே. ரோமாபுரியில் போப்பரசரின் செயலகத்தில் பணியாற்றிப் பொருள் சேர்த்தவர். பின்பு சொந்த ஊருக்குத் திரும்பி, தொனாசியன் ஆலயத்தில் கேனன் என்னும் பதவியிலிருந்தவர். முதுமையும் நோயும் நெருக்கிய நாட்களில், 1434இல், தம் ஆத்துமாவுக்காகத் திருப்பலி நடைபெற மானியம் ஏற்படுத்தினார். இந்த ஓவியத்தையும் வரையச் சொன்னார். இந்த மானியத்தைப்பற்றிய செய்தி ஓவியத்தின் சட்டத்திலேயே இலத்தீனில் எழுதப்பட்டுள்ளது. மரணத்துக்கு ஆயத்தமாகிறவருடைய அச்சம் அதில் இல்லையென்று யார் சொல்லக்கூடும்?

பணம் கொடுத்தவர் அவர். தம் முகத்தைச் சற்று இளமையாகத் தீட்டும்படி கேட்டிருக்கலாம். ஓவியரோ எதையும் மறைக்கவில்லை. தொங்கும் தாடையும், நெற்றிச் சுருக்கங்களும், தோலின் தளர்ச்சியும் அப்படியே உள்ளன. நெற்றிப்பொட்டில் புடைத்திருக்கும் இரத்தக்குழாயைக் கண்டு, அவரை வாட்டிய நோய் இன்னதென்று நம் காலத்து மருத்துவர்கள் ஊகித்திருக்கிறார்கள். அத்தனை உண்மையாய்த் தீட்டப்பட்ட முகம் அது. அந்த முகத்தோடேயே அவர் தம் ஆண்டவரின் சமுகத்தில் முழங்காற்படியிடத் துணிந்தார்.

அவர் கையில் திறந்த ஜெபப்புத்தகம், மற்றொன்றில் மூக்குக்கண்ணாடி. கண்ணாடியின் வழியே தெரியும் எழுத்துக்கள் உருமாறித் தோன்றுவதையும் வான் ஐக் விடாமல் தீட்டியிருக்கிறார். முதியவர் வாசிப்பை நிறுத்திவிட்டார். ஆயினும் அவருடைய கண்கள் பாலகனைக் காணவில்லை. எதிரே வெறுமையை நோக்கி நிற்கின்றன. ஜார்ஜோ தலைக்கவசத்தை உயர்த்தி, மறுகையால் அவரைச் சுட்டி அறிமுகப்படுத்துகிறார். அந்தக் கையின் நிழல் வெள்ளை அங்கியின்மேல் விழுகிறது. யோரிஸ், ஜார்ஜ் இரண்டும் ஒரே பெயரே. சிங்காசனத்தின் கைகளிலோ ஆதாமும் ஏவாளும், ஆபேலைக் கொல்லும் காயீனும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். மீட்பர் அமர்ந்திருக்கும் ஆசனத்திலேயே பாவத்தின் வரலாறும் இருக்கிறது.

யோரிஸ் 1443இல் மரித்தார். பிரெஞ்சுப் படைகளின் காலத்தில், 1794இல், ஓவியம் பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1816இல் திரும்பியது. அதற்குள், 1799இல், தொனாசியன் ஆலயம் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் மானியம் வைத்த பீடங்கள் இன்று இல்லை. பலகையின்மேல் அவர் இன்னும் முழங்காலிலிருக்கிறார், கழற்றிய கண்ணாடியோடு. பச்சைக்கிளியைப் பிடித்திருக்கும் பாலகன் அவர் இருக்கும் பக்கமாகவே திரும்பியிருக்கிறார்.